கல் பங்களா கல்லூரியான கதையும் பூட்டிக் கிடக்கும் ஒரு வாசகசாலையும்

நீங்கள் கேட்டவை இரண்டு. ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்திலுள்ள கல் பங்களா தொடக்கத்திலேயே கல்விக்கூடமாகக் கட்டப்பட்டதா என்பது ஒன்று. கோத்தகிரிப் பக்கத்திலுள்ள உங்கள் ஊரில் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் பழைய வாசகசாலையை அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று ஒரு தரப்பும், திருமண மண்டபம் ஆக்கலாம் என்று இன்னொரு தரப்பும் ஊர்க்கூட்டத்தில் வாதிடுவதாக எழுதிவிட்டு, எதற்காகக் கட்டினார்களோ அதை விட்டு வேறொன்றுக்குப் பயன்படுத்துவது முன்னோருக்குச் செய்யும் துரோகம் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள், அது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஒரே வரியில் விடை உண்டு. இரண்டாவதற்கு விடை சொல்ல வேண்டுமானால் முதல் கேள்வியின் கதையை விரிவாகச் சொல்லியாக வேண்டும். அரசுக் கட்டடங்களின் பராமரிப்பிலேயே இந்த மலையில் பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால், வரலாற்றுக்கு நடுவே கூரை, சுவர், ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) என்று பேச்சு போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரி விடை இதுதான்: கல் பங்களா ஒரு கலெக்டர் தாம் குடியிருக்கக் கட்டிய வீடு.

அந்தக் கலெக்டர் ஜான் சல்லிவன். நீலகிரி அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. 1819-இல் மலையேறி வந்த அவர் முதலில் தங்கியது ஊட்டியில் அல்ல, உங்கள் கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்கில்தான். அங்கே அவர் கட்டிய வீட்டைப் பெத்தக்கல் பங்களா என்று இன்றும் சொல்கிறோம். மலைக்கு மேற்கத்திய பாணிக் கட்டடம் என்று ஒன்று வந்தது அப்போதுதான். அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். உங்கள் வாசகசாலைக்கு மிக நெருங்கிய உதாரணம் அதுவே. மூன்று ஆண்டுகள் கழித்து, 1822-இல், சல்லிவன் ஊட்டிப் பள்ளத்தாக்கில் வீடு கட்டத் தொடங்கினார். மூங்கில், மண், புல் இவற்றால் ஆன குடியிருப்புகளையே பார்த்துப் பழகிய மக்களுக்குக் கல்லால் எழுந்த வீடு புதுமையாக இருந்திருக்க வேண்டும். கல் பங்களா என்ற பெயர் அப்படியே நிலைத்து, ஆங்கிலத்திலும் அதன் மொழிபெயர்ப்பாகவே வழங்கலாயிற்று. குன்றுக்கும் அந்த வீட்டின் பெயரே ஒட்டிக்கொண்டது.

சல்லிவன் மலையை விட்டுப் போனபின் வீடு இடிந்துபோகவில்லை. அடுத்த வேலை அதற்குக் காத்திருந்தது. சென்னை மாகாண அரசு கோடையில் ஊட்டியிலிருந்து ஆட்சி செய்வது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலையான வழக்கமானபோது, கவர்னருடன் செயலாளர்கள், எழுத்தர்கள், சேவகர்கள், கோப்புப் பெட்டிகள் என ஒரு தலைமைச் செயலகமே மலையேற வேண்டியிருந்தது. அந்த அலுவலகங்களுக்கு இடம் கொடுத்தது கல் பங்களாக் குன்று. மலை ரயில் குன்னூருக்கு வந்தது 1899-இல், ஊட்டிக்கு வந்தது 1908-இல். அதற்கு முன்னால் மேட்டுப்பாளையத்திலிருந்து இத்தனை காகிதமும் மாட்டு வண்டியிலும் மட்டக்குதிரையிலும் தலைச்சுமையிலும் ஏறியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் குளிர்காய்ந்த கூடத்தில் ஒரு மாகாணத்தின் கோப்புகளில் கையெழுத்து விழுந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1955-இல் அரசு கலைக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதே குன்று மாணவர்களுக்கு வந்து சேர்ந்தது. வீடு, அலுவலகம், கல்லூரி: மூன்றுக்கும் நடுவில் கட்டடம் பாழடையும் அளவுக்கு நீண்ட இடைவெளி விழவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அலுவலகம் கல்லூரியாக மாறுவது கட்டட வேலைக்காரன் பார்வையில் மிக எளிய மாற்றம். வெளிச்சம் வரும் நீள அறைகள், வரிசையாகக் கதவுகள், அவற்றை இணைக்கும் தாழ்வாரம், உயரமான கூரை ஆகியவைதாம் இரண்டுக்கும் வேண்டியவை. வீடு அலுவலகமாவதில்தான் சிக்கல் அதிகம். வீட்டில் ஒவ்வொரு அறையிலும் குளிர்காயச் சுவரில் ஒரு கணப்பு இருக்கும், அறைக்குள் அறை இருக்கும், சமையற்கட்டு தீ பயத்தால் தனியே பின்புறம் இருக்கும். அலுவலகம் குடிவந்ததும் முதலில் செய்வது கணப்பை அடைப்பது, அடுத்துப் பலகைத் தடுப்பு வைத்து ஓர் அறையை இரண்டாக்குவது, மூன்றாவது தாழ்வாரத்தைக் கண்ணாடி வைத்து மூடி அதையும் அறையாக்குவது. ஊட்டியில் எந்தப் பழைய அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இம்மூன்றில் ஒன்றையாவது காணலாம்.

கல் பங்களாவுக்கு இணையாக நான் வைப்பது ஊட்டி கிளப். அதுவும் கிளப்பாகக் கட்டப்பட்டதன்று. வில்லியம் ரம்போல்டு என்ற செல்வந்தர் 1830-களின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை அது. அவர் கூட்டாளியாக இருந்த ஐதராபாத் வட்டிக்கடை நொடித்ததும் அவர் சீக்கிரமே இறந்ததும் தெரிந்த செய்திகள். மாளிகை தங்கும் விடுதியாயிற்று; 1834-இல் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் ஊட்டிக்கு வந்தபோது அதில்தான் தங்கினார். 1840-களில் கிளப் அதனுள் குடியேறியது, இன்றுவரை வெளியேறவில்லை. ஜபல்பூரில் 1875-இல் ஒரு படைமுகாமில் விளையாட்டாகத் தொடங்கிய ஸ்னூக்கருக்கு விதிகளை எழுதி நெவில் சேம்பர்லின் தொங்கவிட்டது இந்தக் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான், 1882-இல். (இவர் பிற்காலத்துப் பிரிட்டிஷ் பிரதமர் அல்லர், அதே பெயர் கொண்ட ராணுவ அதிகாரி. இந்தக் குழப்பம் எழாத கூட்டத்தை நான் பார்த்ததில்லை.) குடியிருக்கக் கட்டிய வீடு அப்படியே இருந்திருந்தால் பெயர் தெரியாத மாளிகைகளில் ஒன்றாகப் போயிருக்கும். ரம்போல்டு கனவிலும் நினைத்திராத ஒரு பயன்தான் அந்தக் கட்டடத்தை உலகம் அறியச் செய்தது. கட்டியவரின் நோக்கத்தை மீறுவது துரோகம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணங்களும் இந்த ஊரிலேயே இருப்பதை மறைப்பது நியாயமாகாது. புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 1830 நவம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. தேவாலயமாகக் கட்டினார்கள், தேவாலயமாகவே இருக்கிறது. ஆனால் அதன் உத்திரங்களைப் பாருங்கள். திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையைப் பிரித்தெடுத்த மரம் அது. மலைமேல் கொண்டுவந்து சேர்த்து, ஒரு சுல்தானின் கூரையைத் தாங்கிய மரத்தைக் கிறித்தவ ஆலயத்தின் கூரைக்குக் கொடுத்தார்கள். பயன் மாறாத கட்டடத்துக்குள்ளேயே பயன் மாறிய பொருள் ஒளிந்திருக்கிறது. வழிபடுவோரும் மாறிவிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் உடல்நலம் தேறவந்த படைவீரர்களும் அமர்ந்த இருக்கைகளில் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த நம்மவர்கள் அமர்கிறார்கள். சல்லிவனின் மனைவியும் மகளும் அந்த ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள்.

நீலகிரி நூலகமும் அப்படியே. 1859-இல் தொடங்கிய நூலகம் அது. இப்போதைய கட்டடத்தை 1860-களின் பிற்பகுதியில் வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியையும் வடிவமைத்த அதே கைதான். வாசிப்புக் கூடத்தின் உயர்ந்த கூர்முனைச் சாளரம், நல்ல வெயில் நாளில், மேசைமேல் விளக்கில்லாமலே படிக்குமளவு வெளிச்சம் தரும். சிவப்புச் செங்கல்லைப் பூசாமல் விட்டு எழுப்பிய சுவர் ஒன்றரை நூற்றாண்டு மழைக்கு ஈடுகொடுத்திருக்கிறது. அங்கே மாறியது கதவு யாருக்குத் திறக்கும் என்பதுதான். ஆங்கிலேயச் சமூகம் தனக்கென வைத்துக்கொண்ட வாசிப்புக் கூடத்தில் இன்று நம் ஊர் மக்கள் சந்தா கட்டி உறுப்பினராகிறார்கள். அண்மை ஆண்டுகளில் இலக்கிய விழாவும் அங்கே நடக்கிறது. வேலையை மாற்றாமல் ஆட்களை மாற்றிக்கொள்வதும் ஒரு மாற்றம்தான்; உங்கள் ஊர்க்கூட்டத்தில் இந்த வழியை யாரும் முன்வைத்ததாக நீங்கள் எழுதவில்லை என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

ஆடலுக்கும் நாடகத்துக்கும் என்று இருந்த ஊட்டி அசெம்ப்ளி ரூம்ஸ் பிற்பாடு சினிமாக் கொட்டகையானது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தூண் குறுக்கிடாத பெரிய கூடமும் ஒரு மேடையும் இருந்தால் நாடகத்திலிருந்து படத்துக்கு மாற அதிகச் செலவில்லை. பழனி மலையில், 1901-இல் கொடைக்கானலில் ஹைகிளர்க் என்ற விடுதியை வாடகைக்கு எடுத்து மிஷனரிக் குடும்பங்கள் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. படுக்கை அறைகள் மாணவர் விடுதி அறைகளாகவும் உணவுக்கூடம் உணவுக்கூடமாகவும் தொடர்ந்தன; இதைவிட இலகுவான மாற்றம் வேறில்லை.

இத்தனை உதாரணங்களையும் அடுக்கியது ஒரு காரணத்துக்காகத்தான். பயன் மாறியவை நிற்கின்றன, மாறாதவையும் நிற்கின்றன. அப்படியானால் இந்த மலையில் கட்டடங்கள் எதனால் விழுகின்றன? என் அனுபவத்தில் விடை ஒன்றுதான்: காலியாகக் கிடப்பதால்.

சமவெளியில் ஒரு கட்டடத்தைப் பத்து ஆண்டு பூட்டி வைத்தால் தூசியும் வௌவாலும் சேரும்; கூட்டித் துடைத்துக் குடியேறலாம். இங்கே அப்படியில்லை. மேற்குப் பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, உங்கள் கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழை, நடுவில் மூடுபனி, மார்கழி, தையில் உறைபனி என்று சுவர் காயவே நேரம் கிடைப்பதில்லை. ஆள் இருக்கும் வீட்டில் அடுப்பு எரியும், ஜன்னல் திறக்கும், ஓடு நழுவினால் அன்று மாலையே சொட்டும் இடத்தில் ஒருவர் அண்டாவை வைத்துவிட்டு மறுநாள் ஆளைக் கூப்பிடுவார். பூட்டிய வீட்டில் அந்த ஓர் ஓடு நழுவியது யாருக்கும் தெரியாது. முதல் மழைக்காலத்தில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் நனையும், இரண்டாவதில் அதைத் தாங்கும் கைமரத்தின் நுனி உளுத்துப்போகும், மூன்றாவதில் சுவரின் தலைப்பகுதியில் சுண்ணாம்புக் காரை கரைந்து வழியும். நான்காவதில் ஓடு மொத்தமாக இறங்கும். அதன்பின் அது கட்டடமே அல்ல, நான்கு சுவர்.

நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். எந்தக் கட்டடம் என்பது வேண்டாம். பழைய பங்களா ஒன்றில் ஓர் அலுவலகம் இயங்கி வந்தது. அதிகாரி அறையின் ஒரு சுவரில் மட்டும் ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் மூன்று முறை சிமென்ட் பூசியிருந்தார்கள். நானும் நான்காவது முறையாக மதிப்பீடு எழுதினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பூச்சு ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. கடைசியில் வயதான கொத்தனார் ஒருவர் சுவரை விரல்முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது உள்ளே பொக்கு" என்றார். உரித்தோம். சிமென்டுக்குக் கீழே பச்சை டிஸ்டெம்பர், அதற்குக் கீழே வெளிர் மஞ்சள், அதற்கும் கீழே சுண்ணாம்பு வெள்ளை. பிறகு ஒற்றைச் செங்கல் கனத்தில் ஓர் அடைப்பு. அதை எடுத்ததும் துருப்பிடித்த இரும்புத் தட்டியோடு ஒரு கணப்பு வெளிப்பட்டது. உள்ளே முழங்கால் அளவுக்குப் புகைக்கரியும் சேறும். கணப்பை அடைத்தவர்கள் கூரைமேல் புகைபோக்கியின் வாயை அடைக்க மறந்துவிட்டார்கள். எத்தனையோ பருவமழைகள் அந்த வழியாக நேரே இறங்கி, வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கின்றன. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்சுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசியதும் அந்த மூச்சும் நின்றது. புகைபோக்கியின் தலையில் ஒரு கடப்பைக் கல்லை வைத்து, பக்கவாட்டில் காற்றுக்கு இரண்டு துளை விட்டு, சிமென்டை எடுத்துச் சுண்ணாம்பு பூசினோம். வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. அந்த பங்களா அலுவலகமானதில் தவறில்லை. முந்தைய பயன் விட்டுப்போன வழிகளை மூடாமல் குடிவந்ததே தவறு.

இப்போது கன்னேரிமுக்குக்கு வருகிறேன். சல்லிவன் ஊட்டிக்குப் போனபின் பெத்தக்கல் பங்களா கல் பங்களாவைப்போல அரசின் பெரிய வேலை எதையும் பெறவில்லை. கை மாறி, கவனிப்பார் குறைந்து, கடைசியில் மாடு கட்டும் இடமாகவும் சிதைந்த சுவராகவும் நின்றது. நீலகிரியின் முதல் மேற்கத்திய பாணி வீட்டுக்கு நேர்ந்த கதி அது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் அதைச் சீரமைத்து, இப்போது சல்லிவன் நினைவிடமாகவும் நீலகிரி ஆவண மையமாகவும் அது இருக்கிறது. பழைய படங்களும் மலைவாழ் மக்களைப் பற்றிய தகவல்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. கல் பங்களாவுக்கும் இதற்கும் வயதில் மூன்று ஆண்டு வித்தியாசம், கட்டியவர் ஒருவரே, இரண்டும் ஒரே மலையில். ஒன்று அடுத்தடுத்த வேலைகளால் பிழைத்தது. மற்றது வேலையின்றி ஏறக்குறைய மறைந்து, பெருஞ்செலவில் மீட்கப்பட்டது. மாட்டுக் கொட்டகையாக இருந்ததைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். மாடு கட்டியிருந்தால் அந்த மூலையிலாவது ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே உங்கள் வாசகசாலை விஷயத்தில் துரோகம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அருங்காட்சியகம், திருமண மண்டபம் என்ற இரண்டையும் கட்டடம் தாங்குமா என்ற ஒரே கேள்வியை வைத்துப் பாருங்கள்.

திருமண மண்டபத்துக்கு எதிராக எனக்கு மனத்தடை ஏதுமில்லை. வருமானம் வரும், வருமானம் வந்தால் கூரைக்குப் பணம் கிடைக்கும். ஆனால் நீங்கள் அனுப்பிய அளவின்படி கூடம் ஏறத்தாழ 40 அடிக்கு 20 அடி. இருநூறு பேர் பந்தியில் அமர இடமில்லை. விறகடுப்பும் அண்டாவும் வைக்கச் சமையற்கூடம் புதிதாக எழுப்பியாக வேண்டும். கழிவறை, கைகழுவும் இடம், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றுக்குப் பின்பக்க மேட்டை வெட்டியாக வேண்டும். மேட்டை வெட்டுவது என்றதும் எனக்கு 2009 நவம்பர் நினைவுக்கு வரும். அந்த மழையில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கங்களில் மண் சரிந்து எத்தனை உயிர்கள் போயின என்பது உங்களுக்கும் தெரியும். பழைய கட்டடத்தின் பின்னால் செங்குத்தாக மண் வெட்டி, அதற்குக் கீழே இருநூறு பேரை உட்கார வைக்கும் திட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். போதாததற்கு, நீலகிரியில் புதிதாகக் கட்டவும் விரிவாக்கவும் உயரம், பரப்பு, சரிவு ஆகியவற்றுக்கான கட்டுப்பாடுகள் கடுமையானவை. அனுமதி பெறுவதற்குள் உங்கள் கூரை இறங்கிவிடும்.

அருங்காட்சியகத்திலும் ஓர் இக்கட்டு இருக்கிறது, அதை ஆர்வலர்கள் சொல்வதில்லை. திறப்புவிழா அன்று ஊரே வரும். ஆறு மாதம் கழித்துச் சாவியை வைத்திருப்பவர் மட்டுமே வருவார், அவரும் யாராவது கேட்டால்தான். அப்படி நடந்தால் அது புதுப் பெயர்ப்பலகையோடு மறுபடியும் பூட்டிய கட்டடமே. ஈரம் ஏறும் சுவரில் மாட்டிய பழைய படங்கள் இரண்டு மழைக்காலம் தாங்காது என்பதும் சேர்த்து.

என் யோசனை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதை மறுபடியும் வாசகசாலையாகவே திறங்கள். ஆனால் காலையில் செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்களோடு, மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும், ஞாயிற்றுக்கிழமை மகளிர் குழுவும் வரட்டும். ஒரு சுவரை மட்டும் ஊரின் பழைய படங்களுக்கு ஒதுக்குங்கள், அதுவும் உட்சுவராக இருக்கட்டும், வெளிச்சுவர் வேண்டாம். நாள்தோறும் ஜன்னல் திறக்கும் ஆள் இருப்பதுதான் முக்கியம். படிப்பதா, தைப்பதா, கூட்டம் போடுவதா என்பது அடுத்தது. உங்கள் பக்கத்து ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) ஊர்ப்பேச்சு மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத்திடலில், நடக்கிறது. மழை வந்தால் எங்கே போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், வாசகசாலைக்கு இன்னொரு வேலை அங்கேயே கிடைக்கலாம்.

இதற்கிடையே நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் முதலில் பார்த்துவிடுங்கள். பழைய மன்றங்கள் பலவற்றில் கட்டடம் ஊருடையது, நிலம் வேறொருவர் பெயரில் என்ற கதை உண்டு. செலவு செய்தபின் அது தெரிவது நல்லதில்லை.

எந்த முடிவு எடுத்தாலும் ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு ஊர்க்கூட்டத்தின் தீர்மானம் தேவையில்லை. ஏணி ஒன்றும் ஓடு மாற்றத் தெரிந்த ஆள் ஒருவரும் போதும். கூரையின் இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தில் அடித்திருக்கும் தகரத்தில் யூகலிப்டஸ் இலை மக்கி மண்ணாகி இருக்கும். அதை வாரி எறியச் சொல்லுங்கள். உடைந்த மங்களூர் ஓடுகளை எண்ணி மாற்றுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் வலது மூலையில் ஒரு புகைபோக்கி தெரிகிறது. அதன் வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்து, திறந்திருந்தால் மேலே ஒரு கல்லை வையுங்கள்.